எஸ்.கே.எஸ்ஸா, எஸ்.எல்.ஆரா? குன்னூர் ஃபீல்டு மார்ஷலும் துல்லியமான துப்பாக்கிகளும்!

பி.ஜி.எம்.ஐ ஆடுறவங்களுக்கு இந்தக் குழப்பம் புதுசு இல்லை. ஒரே வீட்டுக்குள்ள எஸ்.கே.எஸ்ஸும் கிடக்கும், எஸ்.எல்.ஆரும் கிடக்கும். எஸ்.எல்.ஆர் எடுத்தா டேமேஜ் அதிகம், ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் துள்ளும். எஸ்.கே.எஸ் கொஞ்சம் சாது. எதை எடுக்கிறதுன்னு ஸ்க்வாடுக்குள்ளயே சண்டை வரும். நான் எஸ்.கே.எஸ் கட்சி, முன்னாடியே சொல்லிடுறேன்.

ஆனா கேம் ஒரு விஷயத்துல நம்மளை ஏமாத்துது. ரெண்டுக்கும் ஒரே 7.62 தோட்டாவைப் போட்டுக்கலாம்னு காட்டுது. நிஜத்துல அது நடக்காது. ரெண்டு தோட்டாவோட விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா எஸ்.எல்.ஆர் தோட்டாவோட பித்தளைக் கூடு 51 மி.மீ நீளம், எஸ்.கே.எஸ்ஸோடது 39 மி.மீ. அந்த 12 மி.மீ வித்தியாசத்துல மருந்தோட அளவு, வேகம், தூரம் எல்லாமே மாறிடும்.

இன்னொரு விஷயம். எஸ்.கே.எஸ்ஸோட சீனப் பிரதி நம்ம வீரர்களுக்கு எதிரா நின்ன துப்பாக்கி. அதுக்குப் பதிலா நம்ம வீரர்கள் கைக்கு வந்தது எஸ்.எல்.ஆர். இந்த மாற்றம் நடந்த காலம் முழுக்க ராணுவத்துல இருந்த ஒருத்தர், கடைசியில நம்ம நீலகிரியில, குன்னூர்ல வந்து உட்கார்ந்தார். 2008-ல அவர் இறந்தப்போ உங்கள்ல பாதிப் பேர் ஆரம்பப் பள்ளியில இருந்திருப்பீங்க. விக்கி கௌஷல் நடிச்ச `சாம் பகதூர்' படம் வழியா மட்டும் அவரைத் தெரிஞ்சவங்க நிறைய. ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா. படத்துல அவரோட மீசையும் கிண்டலும் நல்லாவே வந்திருந்துச்சு. துப்பாக்கி விஷயம்தான் ஓரமா போயிடுச்சு. அதை நாம பார்ப்போம்.

1914 ஏப்ரல் 3. அமிர்தசரஸ்ல ஒரு பார்சி டாக்டர் வீட்டுல பிறந்தார் சாம். நைனிதால்ல ஷெர்வுட் கல்லூரியில படிப்பு. லண்டன் போய் அப்பா மாதிரியே டாக்டர் ஆகணும்னு ஆசை. வயசு பத்தாதுன்னு அப்பா அனுப்ப மறுத்துட்டார். இந்த மாதிரி நேரத்துல நாமெல்லாம் என்ன செய்வோம், கதவைச் சாத்திக்கிட்டு ரூமுக்குள்ள படுத்துக்குவோம். சாம் கோபத்துல போய் ராணுவ அகாடமி நுழைவுத்தேர்வு எழுதினார். பாஸும் ஆகிட்டார். 1932-ல டேராடூன்ல இந்திய ராணுவ அகாடமி தொடங்கினப்போ சேர்ந்த முதல் பேட்ச்ல 40 பேர். அதுல ஒருத்தர் அவர்.

அந்தக் காலத்துல காலாட்படைன்னா லீ என்ஃபீல்டு. நாம போலீஸ் ஸ்டேஷன்ல பார்த்துப் பழகிய அதே `த்ரீ நாட் த்ரீ'தான். அது செமி ஆட்டோமேட்டிக் இல்லை. ஒரு தடவை சுட்டதும் போல்ட்டைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, மறுபடி அமுக்கினாதான் அடுத்த தோட்டா உள்ளே போகும். மேகஸின்ல 10 தோட்டா. கேட்க மெதுவா தெரியுதுல்ல? ஆனா முதல் உலகப்போருக்கு முன்னாடி பிரிட்டிஷ் வீரனுக்கு வெச்சிருந்த பயிற்சி, ஒரே நிமிஷத்துல 300 கஜ தூரத்து இலக்கில 15 குண்டு போடணும்கிறது. நல்லா பழகினவங்க அதைத் தாண்டியும் சுட்டிருக்காங்க. அந்த ரைஃபிளோட போல்ட் அவ்வளவு வழவழன்னு ஓடும்.

அந்தத் தோட்டாவுக்கான மருந்துக்கும் நீலகிரிக்கும் தொடர்பு இருக்கு. மலை ரயில்ல குன்னூர் தாண்டினா வெலிங்டன், அடுத்து அரவங்காடு. அங்கே இருக்கிற பெரிய ஆலையை ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. கார்டைட் ஃபேக்டரி. 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல ஆரம்பிச்சது. கார்டைட்ன்னா நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்த்து, சேமியா மாதிரி இழை இழையா பிழிஞ்செடுக்கிற மருந்து. அந்த இழைகளைக் கத்தையா கட்டித்தான் த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்குள்ள வெப்பாங்க. ஒவ்வொரு தோட்டாவுலயும் மருந்து ஒரே அளவுல, ஒரே மாதிரி எரிஞ்சாதான் குண்டோட வேகம் ஒண்ணா இருக்கும். வேகம் மாறினா, நீங்க எவ்வளவு பெரிய ஷார்ப்ஷூட்டரா இருந்தாலும் தூரத்துல குண்டு ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும்தான் விழும். துல்லியம் ட்ரிகர்ல ஆரம்பிக்கிறது இல்லை, மருந்து ஆலையிலயே ஆரம்பிக்குது.

சரி, சாமுக்கு வருவோம். லாகூர்ல சில்லூ போடேங்கிற பெண்ணைப் பார்த்தார், 1939-ல கல்யாணம். அதே வருஷம் உலகப்போர். 1942 பிப்ரவரி 22. பர்மாவுல சிட்டாங் ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு குன்று. அதைப் பிடிக்கத் தன் கம்பெனியோட ஏறினார். குன்று கைக்கு வந்துச்சு. ஆனா ஜப்பானிய இலகுரக இயந்திரத் துப்பாக்கி ஒண்ணு அவரோட வயித்துல வரிசையா போட்டுத் தள்ளிடுச்சு. உடம்புக்குள்ள ஏழு தோட்டாவுக்குக் குறையாம. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், எதையும் விடலை.

பிழைக்க மாட்டார்னு நினைச்ச ஜெனரல் கோவன், தன் சட்டையில இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழட்டி அங்கேயே இவருக்குக் குத்திவிட்டார். செத்தவங்களுக்கு அந்தப் பதக்கம் கொடுக்கிற வழக்கம் இல்லை, அதனாலதான் அந்த அவசரம். ஆர்டர்லி ஷேர் சிங் அவரைத் தூக்கிக்கிட்டுப் போய் டாக்டர் முன்னால போட்டார். ஆஸ்திரேலிய சர்ஜன், கேஸ் கைமீறிப் போச்சுன்னு தயங்கினார். என்னாச்சுன்னு கேட்டதுக்கு, கோவேறு கழுதை உதைச்சிடுச்சுன்னு பதில் சொன்னாராம் சாம். இந்த நிலைமையிலயும் ஜோக் அடிக்கிற ஆளை விட்டுடக் கூடாதுன்னு கத்தியை எடுத்தார் சர்ஜன். குடல்ல ஒரு பகுதி போச்சு. ஆள் பிழைச்சிட்டார். டாக்டர் ஆக நினைச்ச பையனை ஒரு டாக்டர் காப்பாத்தின கதை இது.

போர் முடிஞ்சது, நாடு பிரிஞ்சது. சாமோட பழைய ரெஜிமென்ட் பாகிஸ்தான் பக்கம் போயிடுச்சு. இவர் டெல்லியில ராணுவ நடவடிக்கைப் பிரிவுக்கு வந்தார். காஷ்மீர் இணைப்பு நேரத்துல வி.பி.மேனனோட ஸ்ரீநகர் விமானத்துல போனவர் இவர். அப்புறம் கூர்க்கா படையோட உறவு. `சாம் பகதூர்'ங்கிற பேர் அங்கேதான் ஒட்டிக்கிச்சு.

1950-களோட நடுவுல இப்போதைய மத்தியப்பிரதேசத்துல இருக்கிற மோவ் காலாட்படைப் பள்ளிக்குத் தலைவர் ஆனார். 1959-ல வெலிங்டன்ல இருக்கிற ராணுவ அதிகாரிகள் கல்லூரிக்குத் தலைவர். நீலகிரியோட அவர் வாழ்க்கை முடிச்சுப் போட்டுக்கிட்டது இங்கேதான். வெளியுலகத்துல ரைஃபிள் தலைகீழா மாறிக்கிட்டிருந்த காலம் அது. அமெரிக்கா 1936-லயே எம்1 காரண்டுக்கு மாறிடுச்சு. பிரிட்டன் 1950-கள்ல பெல்ஜியத்தோட ஃபால் ரைஃபிளை எடுத்து எஸ்.எல்.ஆர்னு பேர் வெச்சுக்கிச்சு. சீனா 1956-ல சோவியத் எஸ்.கே.எஸ்ஸை அப்படியே காப்பி அடிச்சது. எல்லாமே செமி ஆட்டோமேட்டிக். ட்ரிகரை அழுத்த அழுத்த ஒவ்வொரு குண்டு, போல்ட்டைத் தொடவே வேண்டாம். நம்ம ஜவான் கையில மட்டும் 1907-ம் வருஷ டிசைன்.

இப்போ இந்த நாலுல எது துல்லியம்? கேம்ல மாதிரி ஒரே பார்ல காட்ட முடியாது. ஆனா அளக்க ஒரு முறை இருக்கு. என்.சி.சி-ல .22 ரைஃபிள் சுட்டிருந்தீங்கன்னா குரூப்பிங்னு சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கா? அஞ்சு குண்டும் எவ்வளவு நெருக்கமா விழுந்ததுங்கிறதுதான் கணக்கு. அதைக் கோணத்துல சொல்றப்போ ஒரு `மினிட்'னு சொல்லுவாங்க. அதாவது ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. 100 மீட்டர்ல அது கிட்டத்தட்ட 2.9 செ.மீ. உங்க பர்ஸ்ல இருக்கிற 10 ரூபாய் நாணயத்தோட அகலம் 2.7 செ.மீ, அதைவிடத் துளி பெரிசு. ராணுவத்துக்குன்னு ஆயிரக்கணக்குல செஞ்ச ரைஃபிள்கள், சாதாரண ராணுவத் தோட்டாவோட, பொதுவா ரெண்டுல இருந்து நாலு மினிட்டுக்குள்ள சுடும். எஸ்.கே.எஸ் இன்னும் கொஞ்சம் பரவலாகும். நாலு மினிட்னா 300 மீட்டர்ல சுமார் 35 செ.மீ, ஹோட்டல் மசால் தோசை சைஸ். ஒரு ஆளோட மார்பு அகலத்துக்குள்ள அது அடங்கிடும். போர்க்களத்துக்கு அது போதும்னு விட்டுட்டாங்க.

வித்தியாசம் வர்ற இடம் வேற. லீ என்ஃபீல்டுல சுடுற நேரத்துல குழல் மேல எந்த எந்திரமும் வேலை செய்யாது. செமி ஆட்டோமேட்டிக்ல குழலுக்குள்ள ஒரு ஓட்டை போட்டு, குண்டுக்குப் பின்னால வர்ற வாயுவைத் திருடி, அதால ஒரு பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏத்துவாங்க. குழல்ல எதைத் தொங்கவிட்டாலும் அதிர்வு மாறும், அதிர்வு மாறினா குண்டு விழுற இடமும் மாறும். அப்படியிருந்தும் காரண்ட் நல்லா சுடும். காரணம் அதோட குறி. பின்குறி துப்பாக்கியோட உடம்பு மேலயே உறுதியா உட்கார்ந்திருக்கும், டிக் டிக்னு திருகிச் சரிபண்ணிக்கலாம். மரக்கட்டைக்குள்ள அசையாம உட்கார வெச்சு, குழலைத் தேர்ந்தெடுத்துப் போட்டா ஒரு மினிட் பக்கத்துல வரைக்கும் போகும். அமெரிக்க டார்கெட் போட்டிகள்ல அது பல வருஷம் ராஜா. கேம்ல இருக்கிற மினி14 அதோட பேரன் மாதிரி.

எஸ்.எல்.ஆர்ல பின்குறி துப்பாக்கியோட கீழ்ப்பாதியில இருக்கும், முன்குறி குழல்ல இருக்கும். சுத்தம் பண்றதுக்காக ஏர்கன் மடக்குற மாதிரி ரெண்டு பாதியும் மடங்கும். பழசாகி அந்த மூட்டு லூஸ் ஆனா, நீங்க குறிபார்க்கிற இடமும் குண்டு போற இடமும் வேற வேற. ஆனா நம்பி எடுத்துக்கிட்டுப் போகலாம். வாயுவோட அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இருக்கு. எஸ்.கே.எஸ் தோட்டா சின்னது, 300 மீட்டர் தாண்டினா தொப்புன்னு இறங்கிடும். அதுக்குள்ள ஆனா சீக்கிரமா, கை அலுக்காம சுடலாம்.

பழைய லீ என்ஃபீல்டுல ஒரு விசித்திரம் உண்டு. அதோட போல்ட் பின்பக்கம் பூட்டிக்கும், அதனால சுடும்போது துப்பாக்கி லேசா வளையும். வேகம் குறைஞ்ச குண்டு வாய்ப்பகுதி மேலே எழும்புற நேரத்துல வெளியே போகும். கிட்டத்துல இது குறைதான். 800, 900 கஜத்துக்கு அப்புறம் வேகமான குண்டும் மெதுவான குண்டும் ஒரே இடத்துல வந்து சேரும். தூரத்துல போகப்போக அசத்துற துப்பாக்கி! டார்கெட் ஷூட்டர்கள் அதை விடாமப் பிடிச்சுக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். அப்போ பேப்பர்ல பார்த்தா எஸ்.கே.எஸ்ஸைவிட நம்ம த்ரீ நாட் த்ரீ துல்லியத்துலயும் தூரத்துலயும் மேலே.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து 1962.

அதுக்கு முன்னாடி வெலிங்டன்ல ஒரு புயல். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கு நெருக்கமான ஜெனரல் பி.எம்.கௌலுக்கும் சாமோட ஆகலை. மனசுல பட்டதைப் பட்டுனு சொல்ற ஆள்னா அலுவலகத்துல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா? தேசப்பற்று இல்லாதவர்ங்கிற ரேஞ்சுக்குப் புகார் போச்சு. விசாரணை நீதிமன்றம் உட்கார்ந்துச்சு. பதவி உயர்வு நின்னுபோச்சு. ஜெனரல் தௌலத் சிங் தலைமையில விசாரிச்சு, குற்றம் எதுவும் இல்லைன்னு முடிச்சாங்க. ஆனா அந்த மாசங்கள் முழுக்க, அந்தப் பச்சை மலைக்கு நடுவுல, வேலை போகுமா இருக்குமான்னு தெரியாமதான் அவரோட நாள்கள் ஓடியிருக்கு.

1962 அக்டோபர் 20. அருணாசலத்துல நம்கா சூ ஆத்தங்கரையில சீனப் படை இறங்குச்சு. நம்ம வீரர்கள் கையில போல்ட் இழுக்கிற த்ரீ நாட் த்ரீ. எதிர்ல எஸ்.கே.எஸ்ஸும் தானியங்கிகளும். அந்தத் தோல்விக்கு ரைஃபிள்தான் காரணம்னு இன்னிக்கும் பல பேர் சொல்றதைக் கேட்கலாம். பாதிதான் உண்மைன்னு எனக்குத் தோணுது. மரங்கள் நடுவுல, கிட்டத்துல, கூட்டமா வர்றவங்களுக்கு எதிரா வேகம் வேணும், அங்கே 900 கஜத்துத் துல்லியம் எதுக்கும் உதவாது. அதுவரைக்கும் சரி. ஆனா ஆளுக்கு 50 தோட்டா, பருத்தி உடுப்பு, 10,000 அடிக்கு மேலான குளிர், பின்னால பேருக்குத்தான் பீரங்கி. இப்படி நிக்கிற ஒருத்தர் கையில காரண்டைக் கொடுத்தாலும் அந்த 50 தோட்டா இன்னும் சீக்கிரமா தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நவம்பர் 21-ல போர்நிறுத்தம். கௌல் விலகின நாலாவது கோர் படைக்கு, அவர் புகாரால ஓரங்கட்டப்பட்ட அதே சாமை அனுப்பினாங்க. தேஜ்பூர் போய் இறங்கினதும் அவர் போட்ட உத்தரவு இன்னிக்கும் ராணுவத்துல கதையா ஓடுது. எழுத்துல உத்தரவு வராம ஒருத்தரும் பின்வாங்கக் கூடாது, அந்த மாதிரி உத்தரவு எப்பவும் வராது. அந்த நாளும் வீரர்கள் கையில இருந்தது அதே பழைய த்ரீ நாட் த்ரீதான்.

அதுக்கப்புறம்தான் எஸ்.எல்.ஆர் வருது. மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் ஆலையில, வெளிநாட்டு ஃபால் ரகங்களைப் பார்த்து, 1ஏ1-ங்கிற பேர்ல நம்ம சொந்தத் தயாரிப்பு. 7.62க்கு 51, மேகஸின்ல 20 தோட்டா. கேம்ல 10 தான் கொடுக்கிறாங்க, அது அநியாயம். ஒரே நாள்ல எல்லார் கையிலும் மாறிடலை. 1965-ல அமெரிக்கா கொடுத்த காரண்டோட பாகிஸ்தான் காலாட்படை வந்தப்போ நம்ம பக்கம் த்ரீ நாட் த்ரீயும் எஸ்.எல்.ஆரும் கலந்துதான் இருந்துச்சு. 1990-கள்ல இன்சாஸ் வர்ற வரைக்கும் நம்ம ராணுவத்தோட முகமே எஸ்.எல்.ஆர்தான். தமிழ்நாட்டுல இன்னிக்கும் போலீஸ் பாதுகாப்பு வண்டிகள்ல அந்த நீளமான துப்பாக்கியைப் பார்க்கலாம்.

1967 செப்டம்பர், சிக்கிம்ல நாது லா. சாம் அப்போ கிழக்குப் பிராந்தியத் தளபதி. எல்லையில முள்வேலி போடப்போய் சண்டை மூண்டுச்சு. திறந்தவெளியில நின்ன நம்ம வீரர்கள் முதல் நிமிஷங்கள்லயே நிறைய பேர் விழுந்தாங்க. அப்புறம் உயரமான இடங்கள்ல இருந்த நம்ம பீரங்கிகள் பேச ஆரம்பிச்சதும் நிலைமை மாறிச்சு. நாலு நாள்ல சீனா பக்கம் அடங்குச்சு. அங்கேயும் ரைஃபிள் குரூப்பிங் முடிவு பண்ணலை.

1969-ல ராணுவத் தளபதி. 1971 கதை உங்களுக்குத் தெரியும். ஏப்ரல்லயே கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போகணும்னு பேச்சு வந்தப்போ, மழை வந்துடும், வடக்கே கணவாய்கள் திறந்திருக்கும், படை தயாரா இல்லைன்னு இந்திரா காந்தி முகத்துக்கு நேரா சொன்னார். வேணும்னா ராஜினாமா பண்றேன்னும் சொன்னார். காத்திருந்தாங்க. டிசம்பர் 3-ல தொடங்கி 13 நாள்ல முடிஞ்சது. சுமார் 93,000 பேர் சரண். 1973 ஜனவரியில நாட்டோட முதல் ஃபீல்டு மார்ஷல். அதே மாசம் 15-ம் தேதி பணியில இருந்து ஓய்வு.

ஊருக்குப் போகணும்னா அமிர்தசரஸ் இருந்துச்சு, டெல்லி இருந்துச்சு. அவர் வந்தது குன்னூருக்கு. வீட்டுக்கு வெச்ச பேர் `ஸ்தாவ்கா'. ரஷ்ய ஜார் காலத்துப் படைத் தலைமையகத்தைக் குறிக்கிற சொல். குன்னூர்ல அவரைப் பார்த்தவங்க இப்பவும் இருக்காங்க. 2001-ல சில்லூ போயிட்டாங்க. ஏழு வருஷம் அவங்க இல்லாத வீடு.

ஃபீல்டு மார்ஷல்னா பேருக்கு ஓய்வே கிடையாது, சாகிற வரைக்கும் பணியில இருக்கிறதாதான் கணக்கு. சம்பளமும் அப்படியே வரணும். வரலை, முப்பது வருஷத்துக்கு மேல. 2007-ல குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில வந்து அவரைப் பார்த்துட்டுப் போனார். அப்புறம்தான் ஒரு கோடி ரூபாய்க்கு மேல நிலுவைத்தொகைக்கான செக் வந்து சேர்ந்துச்சு. 93 வயசுல வர்ற அரியரை வெச்சு ஒருத்தர் என்ன வாங்குவார் சொல்லுங்க.

2008 ஜூன் 27, அதே மருத்துவமனையில நிமோனியா. 94 வயசு. இறுதிச்சடங்குக்குக் குடியரசுத் தலைவர் வரலை, பிரதமர் வரலை, பாதுகாப்பு அமைச்சர் வரலை, முப்படைத் தளபதிகளும் வரலை. இணை அமைச்சர் ஒருத்தர் வந்தார். டெல்லியில தேசிய துக்கம்கூட அறிவிக்கலை. முழு ராணுவ மரியாதையோட, ஊட்டியில பார்சி கல்லறையில, சில்லூவுக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணினாங்க.

ஊட்டி - குன்னூர் ரோட்டுல வெலிங்டன் பக்கம் ஒரு பாலத்துக்கு 2009-ல அவர் பேர் வெச்சாங்க. அதை ஒட்டியே அவரோட கிரானைட் சிலை நிக்குது. ஊட்டிக்கு ட்ரிப் போற பஸ் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகும். அந்த வளைவுல கொஞ்சம் போனைக் கீழே வெச்சுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க, மீசையை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்.